பல் டாக்டரும் புளியமரத்து ஆணிகளும்

ஓசூரிலிருந்து சேலம் வரைக்கும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கடை வைத்திருக்கிற அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, "வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவர் ஓரடி முன்னால் வரவும்" என்று சொன்னால், முன்னால் வந்து நிற்கிறவர் எங்கள் பல் டாக்டர் ஒருவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் மரியாதைக்காக இரண்டடி பின்னாலும் போவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதினோரு வருஷம் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து அவரை வாய் பிளந்து பார்த்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

அதியமான்கோட்டையில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு ஃபிளெக்ஸ் கடை. இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் காதணி விழா, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று ஊர்க்காரர்களின் முகத்தைக் கம்ப்யூட்டரில் நாலு சுற்று வெளுப்பாக்கித் தருவதுதான் என் பிழைப்பு. அடுத்த ஷட்டர் பல் டாக்டருடையது. மரம் அறுக்கிற வட்ட ரம்பத்துக்கு பிளேடு விற்பார். பல் மழுங்கினால் தீட்டித் தருவார். தச்சு வேலைக்காரர்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். கூரியர் பார்சல்கூட "பல் டாக்டர், அதியமான்கோட்டை" என்று எழுதித்தான் வருகிறது. ஆள் ஒல்லி. கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டூத் பிரஷ் இருக்கும். அது பிளேடில் ஒட்டிய பிசினைத் தேய்ப்பதற்கு.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் இரும்பு வட்டம். விளிம்பு முழுக்கப் பல். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் அரிசி அளவுக்குக் கார்பைடு துண்டு ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் டிப்பு. இரும்பைவிடப் பல மடங்கு கெட்டியானது. அதனால்தான் சீக்கிரம் மழுங்காது. இருபத்து நாலு பல்லிலிருந்து தொண்ணூற்றாறு பல் வரைக்கும் பிளேடு உண்டு. இதில் எதை எதற்கு வாங்குவது என்று கேட்டால் உலகமே ஒரே பதிலைத்தான் சொல்லும்: பல் அதிகமாக இருப்பது நல்ல பிளேடு. இந்தப் பதிலை ஒழித்துக்கட்டத்தான் தான் பிறவி எடுத்ததாகப் பல் டாக்டர் நம்பினார்.

கடைக்குள் யார் கால் வைத்தாலும் அவர் "வாங்க" என்று சொல்ல மாட்டார். "என்ன மரம்?" என்பார். வேம்பு என்று சொன்னால் விசாரணை ஆரம்பம். நீளவாக்கில் கிழிப்பதா, குறுக்கே வெட்டுவதா. பலகை எத்தனை கனம். பச்சையா, காய்ந்ததா. மேஜையில் பொருத்திய மிஷினா, கையில் பிடிக்கிறதா. மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று. வெட்டின விளிம்பு வெளியே தெரியுமா, உள்ளே மறைந்துவிடுமா. பாஸ்போர்ட்டுக்காக என் வீட்டுக்கு வந்த போலீஸ்காரர்கூட இதில் பாதிதான் கேட்டார். யாராவது பொறுமை இழந்து, எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"இருக்குதுங்க. நாப்பது பல்லு. எல்லாத்தையும் அறுக்கும். எதையும் ஒழுங்கா அறுக்காது" என்பார்.

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் காரில் வந்தார். மாம்பழப் பெட்டி செய்ய மாமரப் பலகையை நீளவாக்கில் கிழிக்க வேண்டுமாம். கடையிலேயே அதிகப் பல் உள்ள பிளேடு வேண்டும் என்றார். பல் டாக்டர் தர மறுத்தார். காசு கொடுப்பது நான்தானே என்று அவர் கேட்க, அறுபடுவது மரமாச்சுங்களே என்று இவர் சொன்னார். வந்தவர் கோபித்துக்கொண்டு தர்மபுரிக்குப் போய் தொண்ணூற்றாறு பல் வாங்கினார். மூன்றாம் நாள் அதே கார் வந்து நின்றது. தோசை தீய்ந்த நிறத்தில் ஒரு பலகையும், நீலம் பாரித்த பிளேடும் இறங்கின. பல் அதிகமானால் இடையில் இருக்கிற பள்ளம் சின்னதாகிவிடும். நீளவாக்கில் கிழிக்கும்போது வருகிற நார் வெளியேற வழியில்லாமல் அங்கேயே உருண்டு சூடேறும். இதையெல்லாம் எனக்கு விளக்கின பல் டாக்டர், வந்தவரிடம் விளக்கவில்லை. பலகையை மோந்து பார்த்தார். இருபத்து நாலு பல் பிளேடு ஒன்றை எடுத்து நீட்டினார். வந்தவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தமிழில் "கிடையாது", எல்லைப்பக்கத்து ஆட்களுக்குக் கன்னடத்தில் "பேட", தெலுங்குக்காரர்களுக்கு "வத்து", லாரிக்காரர்களுக்கு "நஹி" என்று நாலு மொழியில் வியாபாரத்தை மறுக்கக் கூடிய ஒரே ஆள் எங்கள் தாலுகாவில் அவர்தான். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. அதுதான் எனக்கு விளங்காத அதிசயம். நான் ஒரு போர்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதிப்போட்டுவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். அவர் கடை வாசலில், தகுதித் தேர்வு எழுத வந்தவர்கள் மாதிரி நாலு பேர் மரத்துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மரத்தூளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவரச் சொல்வார். ரத்தப் பரிசோதனை மாதிரிதான். காகிதத்தில் பரப்பி, பூதக்கண்ணாடியில் பார்த்து, விரலில் தேய்த்துப் பலன் சொல்வார். நார் நாராகச் சுருண்டிருந்தால் நலம். மாவாக இருந்தால் பல் மழுங்கிவிட்டது. நடுநடுவே கருகின துகள் இருந்தால் பிளேடும், பலகையை அணைத்துத் தள்ளுகிற வழிகாட்டிக் கட்டையும் நேராக இல்லை, பின்பக்கம் உரசுகிறது. ஒருமுறை காரிமங்கலத்துக்காரர் ஒருவரின் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "பிளேடு நல்லா இருக்குதுங்க. நீங்க வேலைக்கு நடுவுல பீடி குடிக்கறத விட்டுடுங்க. தூளுக்குப் பக்கத்துல நெருப்பு ஆகாது" என்றார். அந்த மனிதர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினார்.

போனிலும் வைத்தியம் நடக்கும். பென்னாகரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டுப் பேச வாயெடுத்தால், பேசாதே, மிஷினை ஓட்டு என்பார். ஸ்பீக்கரில் கீச்சென்று சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு டிப்பு போயிருச்சு, பிளேடை நிறுத்தி எண்ணிப் பாரு என்பார். சிறிது நேரத்தில் அந்தப் பக்கமிருந்து, ஆமாங்கண்ணா, பதினேழாவது பல்லுங்க என்று குரல் வரும்.

ஒரு நாள் வடநாட்டு லாரி டிரைவர் ஒருவர் வீங்கின கன்னத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டீக்கடையில் பல் டாக்டர் எங்கே என்று ஜாடையில் கேட்டிருக்கிறார். அவர்களும் யோசிக்காமல் கையைக் காட்டிவிட்டார்கள். அவர் வாயைத் திறந்தார். இவரும் சளைக்காமல் பூதக்கண்ணாடியை எடுத்தார். செல்போன் வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கீழ் வரிசை, கடைசிக்கு முந்தினது, ஓரம் உடைஞ்சு உள்ளே அழுகிருச்சு என்று என்னிடம் சொன்னார். அவரே டிரைவரை பைக்கில் ஏற்றி தர்மபுரியில் நிஜமான பல் டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார். அந்த டாக்டரம்மாவும் அதே பல்லைத்தான் காட்டினாராம். எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதற்குள் பழகியிருந்தேன்.

இப்படிப்பட்ட மனிதரின் கல்லாவுக்குப் பின்னால் போய், தானே பிளேடை எடுத்துக்கொள்கிற உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. மரிய புஷ்பம், எங்களுக்குப் புஷ்பா. ஓசூரில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மாதா கோவில் தெருவில் சொந்தமாகப் பட்டறை போட்டவள். சமையலறை அலமாரி செய்வதில் கெட்டிக்காரி. மைக்கா ஒட்டின பலகைக்கு எண்பது பல் போதும் என்று இவர் சொல்ல, இல்லை, தொண்ணூற்றாறுதான் வேண்டும் என்று அவள் மல்லுக்கு நிற்க, ஒரு மணி நேரம் என் கடையில் வியாபாரம் நின்றது. மறுநாள் இரண்டிலும் வெட்டின துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். இவர் பஞ்சை எடுத்து இரண்டு விளிம்பிலும் ஓட்டினார். எண்பதில் பஞ்சு நாலு இடத்தில் சிக்கியது. தொண்ணூற்றாறில் வழுக்கிக்கொண்டு போனது. நீ சொன்னது சரி என்று அவர் சொல்லவில்லை. தன் விஷயத்தில் தப்பு என்கிற சொல்லே அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. கல்லாவின் மடக்குப் பலகையைத் தூக்கி அவளுக்கு வழி விட்டார், அவ்வளவுதான்.

அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு. மரத்துக்குள் இருக்கிற ஆணிக்கு. கார்பைடு ரொம்பக் கெட்டி. கெட்டியாக இருப்பதனாலேயே வளையத் தெரியாது. சுற்றுகிற வேகத்தில் ஆணியில் மோதினால் டிப்பு தெறிக்கும். எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பலகையைத் தள்ளுகிறவருடைய முகம் அங்கேயேதான் இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கலாம், கழுத்துக்கு என்ன போடுவ என்று கேட்பார். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

போன வருஷம் சர்வீஸ் ரோட்டை அகலப்படுத்தியபோது மாதா கோவில் வாசலில் இருந்த புளியமரம் போனது. ஃபாதர் அலைந்து திரிந்து, அடிமரம் கோவிலுக்கே சேரும் என்று அனுமதி வாங்கினார். அந்த மரத்திலேயே புதுப் பலிபீடம் செய்து, திருவிழா அன்று மறைமாவட்ட ஆயர் கையால் மந்திரிப்பது என்று முடிவானது. வேலை புஷ்பாவுக்கு வந்தது. கோவில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையில் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. அலமாரி அடிக்கிற பொண்ணுக்குப் பீடம் அடிக்க வருமா, சேலத்தில் பேர் போன ஆட்கள் இருக்கிறார்களே என்று காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். இருப்பது ஒரே மரம். கெட்டுப்போனால் மாற்று கிடையாது. அந்த வாரம் புஷ்பா சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா என்னிடம் சொன்னார்.

முதல் சிக்கல் மரமில்லில் வந்தது. ரோட்டோர மரம் என்றதும் மில்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். ரோட்டோரப் புளியமரம் என்றால் பாதி மரம், பாதி ஆணி. தலைமுறை தலைமுறையாக ஊர் மொத்தமும் போர்டு அடித்த மரம் அது. போர்டு போய்விடும், ஆணியை மரம் விழுங்கி, மேலே பட்டை போர்த்திக்கொள்ளும். பல் டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னால் அறுக்கிறேன் என்றார் மில்காரர்.

பல் டாக்டர் போனார். கோவில் மைதானத்தில் கிடந்த அடிமரத்தை மூன்று தடவை சுற்றி வந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றின காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். கல்யாண மண்டபத்து செக்யூரிட்டியிடமிருந்து பீப் பீப் என்று கத்துகிற தடி ஒன்றை நான் இரவல் வாங்கிக் கொடுத்தேன். அது மரத்தைவிட ஃபாதரின் பெல்ட்டைப் பார்த்துத்தான் அதிகமாகக் கத்தியது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஃபாதரிடம் சொன்னார்:

"ஆழத்துல இருக்கறத இது காட்டாதுங்க. அடிச்சவங்களுக்குத்தான் எடம் தெரியும். இந்த மரத்துல யார் யாரெல்லாம் ஆணி அடிச்சாங்களோ, அவங்க அத்தனை பேரும் வந்து கைய வச்சுக் காட்டணும். அதுவரைக்கும் நான் பிளேடு குடுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் அதை அப்படியே அறிவித்தார். கோவிலுக்கு வராதவர்களுக்கு வாட்ஸப்பில் போனது. மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் நடந்ததை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. பல் டாக்டர் அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் சாக்பீஸ். எதிரே வரிசை.

முதலில் வந்தவர் மூல வியாதிக்கு மூலிகை மருந்து கொடுக்கிற வைத்தியர். ஆறு ஆணி என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எந்த உயரம், எத்தனை இன்ச் ஆணி, துருப்பிடித்ததா, பிடுங்கினீர்களா, இல்லை போர்டை மட்டும் கிழித்தீர்களா என்று குறுக்கு விசாரணை நடந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர் வந்தார். வீட்டுமனை விற்பவர் வந்து, எட்டு என்று ஆரம்பித்து, இவர் பார்த்த பார்வையில் பதினாலு என்று திருத்திக்கொண்டார். இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே இடத்தைக் காட்டினார்கள். ஒருவர் போர்டின் மேலேயே இன்னொருவர் அடித்திருக்கிறார். யாருடைய ஆணி யாருடையது என்பதில் புதுத் தகராறு வந்து, ஃபாதர் சமாதானம் செய்தார். இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான ஒருவர், மனைவி கேட்காத தூரத்தில் நின்று, ஒரு பிறந்தநாள் வாழ்த்துப் பலகை என்றார். யாருக்கு வாழ்த்து என்று பல் டாக்டர் கேட்கவில்லை. உயரம் மட்டும் கேட்டார்.

நானும் நின்றேன். இவர்கள் அடித்த போர்டுகளில் பாதி என் கடையில் அச்சடித்தவை. அது போகக் கடை திறந்த புதிதில் என் விளம்பரத்தையே நாலு ஆணியில் அறைந்திருந்தேன்.

"எழுத்தாளருங்களா. எத்தனை?" என்றார், பதினோரு வருஷப் பழக்கம் எதுவும் இல்லாதவர் போல.

"நாலுங்க."

"பிடுங்கினீங்களா?"

"இல்லீங்க."

"உங்க கட்டுரையில மரம் வளர்க்கச் சொல்லி எழுதியிருந்தீங்களே, அது இதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் அடங்கி நின்று இடத்தைக் காட்டினேன். கடைசியில் ஃபாதர் அங்கியைச் சரிசெய்துகொண்டு வந்து, ஒன்பது நாள் நவநாள் ஜெபத்து அறிவிப்புக்காக எனக்கும் ரெண்டு இருக்குதுங்க என்றார். பல் டாக்டர் மரத்தை விட்டு இறங்கி எழுந்து நின்று அதைக் குறித்துக்கொண்டார். இருட்டுவதற்குள் உளியும் குறடும் வைத்து எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. ஒரு பெயின்ட் வாளி நிறைய ஆணி. அன்றைக்கு அந்த மனிதரைப் பார்க்க எனக்கு ஒரு நியாயாதிபதியைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

மில்காரர் அறுத்துக் கொடுத்தார். மூன்று அங்குலக் கனத்தில் நாலு பலகை. அவருடைய ரம்பத்துக்கு ஒரு கீறல் இல்லை. இனி புஷ்பா தன் மேஜை ரம்பத்தில் பலகைகளின் ஓரத்தை நேராக்கி, இணைத்து, பீடமாக்க வேண்டும். அதற்கான பிளேடைப் பல் டாக்டர் மூன்று நாள் தேர்ந்தெடுத்தார். கெட்டியான புளி, நீளவாக்கு, மூன்று அங்குலம். பன்னிரண்டு அங்குல பிளேடில் இருபத்து நாலு தட்டைப்பல். ஒரே மாதிரி ஏழு பிளேடைப் பிரித்து, ஒவ்வொன்றையும் விரலில் தொங்கவிட்டுத் தட்டிச் சத்தம் கேட்டு, ஆறை ஒதுக்கிவிட்டு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பட்டறையில் கூட்டம். ஆணி அடித்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பீடத்தில் ஒரு பங்கு இருப்பதாக எண்ணம் வந்திருந்தது. ஃபாதரும் பேரவைக்காரர்களும் முன்னால் நின்றார்கள். புஷ்பா கண்ணாடி போட்டு, துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முதல் பலகை போனது. நார் நாராகத் தூள் சுருண்டு விழுந்தது. இரண்டாவதும் போனது. மூன்றாவது பலகையை வைத்துத் தள்ள ஆரம்பித்தாள். முக்கால்வாசி தூரம் போயிருக்கும். பல் டாக்டர் பலகையின் பின் முனைப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று மிஷினுக்குப் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். அவர் பாய்ந்து நான் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிளேடு சுற்றி ஓய்ந்தது.

"அதுல ஒரு ஆணி இருக்குது" என்றார். பலகையின் முனையில் மை சிந்தின மாதிரி ஒரு கருநீலக் கறை இருந்தது. புளியில் இரும்பு ஊறினால் அந்த நிறம் வருமாம்.

எல்லோரும் வந்து சொல்லிவிட்டார்களே, இது யாருடையது என்று ஃபாதர் கேட்டார்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால், பெல்ட் லூசாக இருக்கிறது, சாயங்காலம் பார்ப்போம் என்று சொல்லி எல்லோரையும் அனுப்பியிருப்பேன். பிறகு தனியாக வந்து ஆணியை நோண்டி எடுத்திருப்பேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

"என்னுதுங்க" என்றார் பல் டாக்டர்.

எங்கள் ஊருக்கு வந்த புதிதில் அவருக்குக் கடை கிடையாது. சைக்கிளில் சாணைக்கல்லைக் கட்டிக்கொண்டு சுற்றினார். "ரம்பம் தீட்டித் தரப்படும்" என்று ஒரு தகரத்தில் எழுதிப் புளியமரத்தில் அறைந்தார். கடை பிடித்ததும் கழற்றினார். மூன்று ஆணி வந்தது. ஒன்று தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. இதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அப்படியானால் வரிசை நின்ற அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று பேரவைக்காரர் ஒருவர் கேட்டார். சேலத்து ஆட்களைச் சொன்னவர்தான் அவர்.

"வெக்கமா இருந்துச்சுங்க. ஊரையே நிக்க வச்சுக் கேள்வி கேட்டுட்டு, நானும் அடிச்சவன்தான்னு எப்படிச் சொல்றது? அந்த எடம் மேல, வெறகுக்குப் போன துண்டுல இருந்துச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ராத்திரி படுத்தா அப்படி இல்லைன்னு தோணும். காலையில மறுபடியும் அப்படித்தான்னு சொல்லிக்குவேன்."

புஷ்பா உளியை எடுத்தாள். கறை இருந்த இடத்திலிருந்து உள்ளே தோண்டினாள். ஆணி கிடைத்தது. தலையில்லாத மூன்று அங்குல ஆணி, அறுவைக் கோட்டின் மேலேயே படுத்திருந்தது. பிளேடு நின்ற இடத்துக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் அகலம்தான். அவள் ஆணியைப் பார்த்தாள். தன் முகம் குனிந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அப்படியே தூள் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது, கூடவே கோபமும்.

"ஒரு வாரமா தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தீங்களாண்ணா? எனக்கு ஒண்ணு ஆகியிருந்தா எங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் கை கட்டி நின்றார். பிறகு, "தப்பு என்னுதும்மா" என்றார். அந்தச் சொல் அவருக்குப் பழக்கமில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஃபிளெக்ஸ் கடைக்காரனாக நான் ஆயிரம் பேரைப் பெரிய மனிதராக்கி அச்சடித்திருக்கிறேன். ஒரு பெரிய மனிதரை நேரில் பார்ப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்துப் புஷ்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பலகையை முடித்தாக வேண்டும், பிளேடை ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் பூதக்கண்ணாடியைக் கழுத்திலிருந்து கழற்றி அவளிடம் நீட்டினார்.

"நீயே பாரும்மா. இன்னிக்கி என் கண்ண நம்பாத."

அவள் வாங்கவில்லை.

"உங்க கண்ணுதாங்கண்ணா நிறுத்துச்சு. பாருங்க."

அவர் குனிந்து இருபத்து நாலு பல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரம் ஆனது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கேள்வி கேட்ட பேரவைக்காரர் தானாகப் போய்ப் பலகையின் பின் முனையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மீதி அறுவை ஒரே சீராக முடிந்தது.

திருவிழா நன்றாக நடந்தது. ஆயர் பீடத்தைத் தடவிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார்; புஷ்பாவின் அம்மா அதை இன்றைக்கும் போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இனி பல் டாக்டர் கடையில் கூட்டம் குறையும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. திங்கட்கிழமை காலை ஷட்டர் திறந்தபோது, மரத்துண்டோடு வழக்கமாக நாலு பேர் உட்காருகிற பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நான் அவர் கடைக்குப் போனேன். அவர் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு, பயமும் உண்டு. சனிக்கிழமை, நானாக இருந்தால் மறைத்திருப்பதை அவர் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதிலிருந்து, அதற்கு மேலும் ஒன்று நெஞ்சில் நிறைந்து கிடந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியமெல்லாம் அமைத்து வைத்திருந்தேன். அவர் நிமிராமல் ஒரு பிளேடைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, அவர் ஷட்டர் இறக்குகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.